ஹாஜியார்ட 96 சதம்

2023 பங்குனி முதல் கிழமை. பெரும்போக வெட்டு முடிஞ்சும் முடியாமலும் கிடந்த நேரம், ரோட்டுல ஒரு பக்கம் முழுக்க நெல்லுக் காயப் போட்டிருப்பாங்க, மற்றப் பக்கத்தால பஸ்ஸும் லொறியும் நாங்களும் ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக்குடுத்துத்தான் போகணும், அப்பிடி ஒரு நாள். காலம ஏழு மணிக்கு போன் அடிக்குது, பாத்தா சம்மாந்துறை ஹாஜியார். சின்ன ரைஸ் மில் ஒண்டு வச்சிருக்கார். பெரிய முதலாளி எண்டு சொல்ல ஏலா, ஆனா நெல்லு இறக்கின கையோட காசு குடுக்கிற ஆள் எண்டு அந்தப் பக்கத்து வட்டையெல்லாம் பேர்.

"தம்பி, உன்ட பெட்டிக்கு என்னமோ புடிச்சிட்டு. ஒரு வருசமா வாங்கின நெல்லு முழுக்க மைனஸ் எண்டு காட்டுது."

"எவ்வளவு காட்டுது ஹாஜியார், ஒருக்கா வாசிங்க பாப்பம்."

"மைனஸ் ரெண்டு கோடி பதினொரு லெச்சத்து எழுவத்தோராயிரத்து நூத்தி எழுவத்திரெண்டு ரூவா தொண்ணூத்தாறு சதம்." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டுது. மறுகா சொன்னார், "மைனஸ விடு. அந்தத் தொண்ணூத்தாறு சதம் எங்கால வந்த? நான் நெல்லுக்குச் சதம் எண்ணிக் குடுத்த காலம் எப்பயோ போய்த்து."

மனிசன் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போட நிண்டவர். ஆனா ஒரு பிழையான கணக்கில எந்த இடத்தில கை வைக்கணும் எண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு அந்த 96ஐக் கேட்டதும் வயித்துக்குள்ள சில்லெண்டுச்சு, ஏனெண்டா அந்த 96 எங்கால வருது எண்டு எனக்குத் தெரியும், அது ஹாஜியார்ட பிழையில்ல, மில்லுக் கொம்பியூட்டர்ப் பெட்டிட பிழையுமில்ல, 2009ல நான் விட்ட பிழை.

2009ல படிச்சு முடிச்சிட்டு வேலையில்லாம வீட்டுல இருந்த நேரம், தெரிஞ்ச ஒரு ஆள் மூலமா ஹாஜியார் கூப்பிட்டு மில்லுக்கு ஒரு கணக்குப் புரோகிராம் எழுதித் தரச் சொன்னார். ஜாவா எண்ட கொம்பியூட்டர் மொழியில எழுதினன். காசை ரூபாவா வைக்காம சதமா வச்சன். இது புத்தியான வேலைதான், ஏனெண்டா தசமப் புள்ளியோட காசை வச்சா கொம்பியூட்டர் சின்னச் சின்னதாப் பிழை விடும், முழுவெண்ணா வச்சா சதத்துக்குச் சதம் சரியா நிக்கும். அவ்வளவும் சரி. அந்த முழுவெண்ணை வைக்கப் பெட்டியில எந்த அளவு தட்டு எடுக்கிறது எண்ட இடத்திலதான் யோசிக்காம 32 பிட் தட்டை எடுத்திட்டன். அந்த நேரம் நெல்லுக் கிலோ முப்பது ரூபாக்குக் கிட்ட. ஒரு சின்ன மில்லு வருசத்துக்கு ரெண்டு கோடிக்கு நெல்லு வாங்குமெண்டு ஆர் நினைச்ச.

32 பிட் எண்டா 32 சுவிட்ச் எண்டு வச்சுக்கொள்ளுங்க. ஒண்டு சக வா சய வா, பிளஸா மைனஸா, எண்டு சொல்றதுக்குப் போயிடும், மிச்சம் 31. அந்த 31ம் ஒண்டா எரிஞ்சா வாற எண் 2-இன் 31ம் வலுவில (2ஐ 31 தரம் பெருக்கினது) இருந்து ஒண்டு குறைய, அதாவது 2147483647. அதுக்கு மேல ஒரு சதம் கூட்டினாலும் இடமில்ல. பழைய மோட்டார்சைக்கிள் மீற்றர் 99999 முடிஞ்சதும் 00000க்கு விழுமே, இதுவும் அப்பிடித்தான் விழும், ஆனா பூச்சியத்துக்கு விழாம நேரா அடிக் கிணத்துக்குப் போய் மைனஸ் 2147483648 எண்டு நிக்கும். சதத்தை ரூபாவாக்கினா ஹாஜியார்ட மில்லுக்கு நான் கட்டின சுவர் 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபா 47 சதம்.

அண்டைக்கு முதல் நாள் பின்னேரம் வரைக்கும் வருசக் கணக்கு, சித்திரையில இருந்து கூட்டின கணக்கு, 2,13,98,500 ரூபாவில நிண்டிருக்கு. கடைசியா ஒரு லொறி, 4,000 கிலோ, கிலோ 95 ரூபாப்படி 3,80,000. கூட்டினா 2,17,78,500 வரணும். சதத்தில 2177850000. சுவரைத் தாண்டிட்டுது. தாண்டினா கொம்பியூட்டர் அதில இருந்து 2-இன் 32ம் வலுவைக் கழிச்சுக் காட்டும், அது 4294967296. கடைசி ரெண்டு இலக்கத்தைப் பாருங்க. ஹாஜியார் எப்பயும் முழு ரூபாவிலதான் வாங்குவார், அப்ப அவர்ட சதக் கணக்கு எப்பயும் 00 எண்டுதான் முடியும், அதுக்கும் 4294967296க்கும் இடையில வித்தியாசம் எடுத்தா எப்பிடிப் போட்டாலும் 96ல தான் முடியும். இந்தப் பிழை எந்த மில்லில நடந்தாலும், முழு ரூபாக் கணக்கு எண்டா, அந்த 96 வந்தே தீரும். கைரேகை மாதிரி.

களுவாஞ்சிகுடியில இருந்து வெளிக்கிட்டன். ஓந்தாச்சிமடம், கல்லாறு, பெரியநீலாவணை, மருதமுனை, கல்முனை எண்டு போய் காரைதீவுச் சந்தியால திரும்பினா ரெண்டு பக்கமும் வட்டை, வெட்டின வயல், மஞ்சள் காஞ்சு கிடக்கு, கொக்குகள் நிக்குது. மோட்டார்சைக்கிள் ஓட்டிக்கொண்டு யோசிச்சது நெல்லைப் பத்தியோ காசைப் பத்தியோ இல்ல. 2147483647 எண்ட எண்ணைப் பத்தித்தான். ஏனெண்டா எங்கட உயர்தர வகுப்பு (ஏஎல்) இணைந்த கணித சேர் ஒருக்கா வகுப்பில இந்த எண்ணைக் கரும்பலகையில எழுதிட்டு, "இது முதன்மை எண். இத ஒரு கண் தெரியாத மனிசன் கண்டுபிடிச்சார்" எண்டு சொல்லிட்டு அழிச்சிட்டார், சோதினைக்கு வராது எண்டு. முதன்மை எண் எண்டா தன்னாலயும் 1ஆலயும் மட்டும் மீதியில்லாமப் பிரியுற எண். சுவர் எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்த அதே எண்தான் இது எண்டு மாவடிப்பள்ளி தாண்டுற நேரம்தான் மூளையில ஏறிச்சு. ரெண்டும் வேற வேற எண் எண்டு பதினஞ்சு வருசமா நினைச்சுக்கொண்டு இருந்திருக்கன், வெக்கக்கேடு.

சரி, இனி அந்த எண்ணைப் பத்திக் கொஞ்சம் விரிவாக் கதைப்பம், ஹாஜியார் கொஞ்ச நேரம் காத்திருப்பார்.

2-இன் ஏதோ ஒரு வலுவில இருந்து ஒண்டைக் கழிச்சா வாற முதன்மை எண்களுக்கு மெர்சென் முதன்மை எண் எண்டு பேர். மரென் மெர்சென் எண்டவர் பிரான்ஸ் நாட்டுத் துறவி, 1644ல ஒரு பட்டியல் போட்டார், இந்த இந்த வலுவுக்கு முதன்மை எண் வரும் எண்டு: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. அதில 67ம் 257ம் பிழை, 61, 89, 107 மூண்டையும் விட்டிட்டார். மனிசன் எப்பிடி அந்த முடிவுக்கு வந்தார் எண்டு கேட்டா ஒழுங்கான நிறுவல் எதுவும் வைக்கல்ல. ஆனா 31 சரி. அது சரி எண்டு நிறுவ 1772 வரைக்கும் போகணும், நிறுவினவர் ஒய்லர் எண்ட கணித மேதை. அப்ப அவர் ரஷ்யாவில சென் பீட்டர்ஸ்பேர்க்கில இருந்தார், ஒரு கண் எப்பயோ போய், மற்றக் கண்ணும் கிட்டத்தட்ட முழுசாப் போன காலம்.

இதில எனக்குப் பிடிச்சது அவர் கண் தெரியாம செஞ்சார் எண்ட கதைய விட, எவ்வளவு வேலையைச் செய்யாம விட்டார் எண்டதுதான். ஒரு எண் முதன்மை எண்ணா எண்டு பாக்க அதிட வர்க்கமூலம் வரைக்கும் உள்ள முதன்மை எண்களால பிரிச்சுப் பாத்தாப் போதும், ஏனெண்டா ரெண்டு காரணியும் வர்க்கமூலத்தை விடப் பெரிசா இருக்க ஏலா. இஞ்ச வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதுக்குள்ள முதன்மை எண்கள் கிட்டத்தட்ட 4,800 இருக்கு. 4,800 தரம் பத்து இலக்க எண்ணைப் பிரிக்கணும். ஒரு பிரித்தலுக்கு அஞ்சு நிமிசம் எண்டாலும் நித்திரை கொள்ளாம 400 மணித்தியாலம்.

ஒய்லர் அந்த வழியால போகல்ல. 2-இன் 31ம் வலுவில இருந்து ஒண்டு குறைஞ்ச எண்ணுக்குக் காரணி ஏதும் இருந்தா, அந்தக் காரணியை 62ஆல பிரிச்சா மீதி 1 வந்தே ஆகணும். 62 எண்டது 31இட ரெண்டு மடங்கு. இது ஃபெர்மா எண்ட பிரெஞ்சுக் கணிதக்காரர் காலத்துச் சங்கதி. நம்பாட்டிச் சின்னதா ஒண்டில பாருங்க: 2-இன் 11ம் வலு 2048, ஒண்டு குறைஞ்சா 2047, அது 23 தர 89. 11இட ரெண்டு மடங்கு 22. 23ஐ 22ஆல பிரிச்சா மீதி 1, 89ஐ 22ஆல பிரிச்சாலும் மீதி 1. இன்னொரு கட்டுப்பாடும் இருக்கு, காரணியை 8ஆல பிரிச்சா மீதி 1 இல்லாட்டி 7 தான் வரணும். 23க்கு 7 வருது, 89க்கு 1 வருது, சரியா நிக்குது. இந்த ரெண்டு கட்டுப்பாட்டையும் ஒண்டாப் போட்டா 31க்கு என்ன கிடைக்குது எண்டா, காரணி எண்டு ஒண்டு இருந்தா அது 248இட மடங்கை விட 1 கூட, இல்லாட்டி 63 கூட, அப்பிடித்தான் இருக்கும். வேற ஆருக்கும் உள்ள வர அனுமதியில்ல. 46,340 வரைக்கும் அப்பிடி எண்ணினா மொத்தம் 373 எண். அதிலயும் கன எண் தானே உடையுறது, 249 எண்டா 3 தர 83, 497 எண்டா 7 தர 71, அதுகளை வெட்டிட்டா மிஞ்சுறது எண்பது அளவு முதன்மை எண்கள்தான். 4,800ஐ எண்பதாக்கிட்டுத்தான் மனிசன் பிரிக்கவே தொடங்கினது.

அண்டைக்கு ராத்திரி வீட்டுல நானும் மகளும் இதைச் செஞ்சு பாத்தம். எட்டாம் வகுப்பு. முதல்ல அவவுக்கு விருப்பமில்ல, "கல்குலேட்டர்ல அடிங்கவன் அப்பா" எண்டுட்டு இருந்தா, மறுகா கொப்பியை எடுத்துக்கொண்டு வந்திட்டா. பட்டியலைப் போட்டம்: 63, 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303. ஒவ்வொண்டா வெட்டினா 311ம் 1303ம் தான் மிஞ்சுது. 559ஐ 13 தர 43 எண்டு அவவாக் கண்டுபிடிச்சா, 1241க்கு நான் விழிச்சுக்கொண்டு நிண்டன், அது 17 தர 73. மறுகா நீட்டல் பிரித்தல். 2147483647ஐ 311ஆல பிரிச்சா 6905092, மீதி 35. 1303ஆல பிரிச்சா 1648107, மீதி 226. இந்த ரெண்டு பிரித்தலுக்கும் எங்களுக்கு முக்கால் மணித்தியாலம் போச்சு, அதில ஒருக்கா இடையில கடன் வாங்கினதை மறந்து முழுக்க அழிச்சுத் திரும்பச் செஞ்சம். மனிசி குசினிக்குள்ள இருந்து, "அப்பாவும் மகளும் ஆர்ர கடனைப் பிரிக்கிறீங்க" எண்டு கேட்டா. மூண்டாவதுக்குப் போகல்ல. மகள் கொப்பியை மூடிட்டு, "கண் தெரியாம இத எண்பது தரம் செஞ்சாரா" எண்டு மட்டும் கேட்டுட்டுப் படுக்கப் போய்ட்டா. பக்கத்தில இருந்து எழுதிக்குடுக்க உதவிக்கு ஆக்கள் இருந்திருப்பாங்க எண்டு சொல்லத்தான் வாயெடுத்தன், சொல்லல்ல.

1772ல ஒய்லர் இதை நிறுவினதுக்குப் பிறகு கன வருசமா மனிசருக்குத் தெரிஞ்ச ஆகப் பெரிய முதன்மை எண் இதுதான். இதோட சேந்து இன்னொரு சாதனையும் வருது. ஒரு எண்ணிட காரணியளை, அந்த எண்ணை விட்டுட்டு, கூட்டினா அந்த எண்ணே வந்தா அதுக்குப் பூரண எண் எண்டு சொல்லுவம். 6 எண்டா 1, 2, 3. 28 எண்டா 1, 2, 4, 7, 14. யூக்லிட் காலத்திலயே தெரியும், ஒவ்வொரு மெர்சென் முதன்மை எண்ணும் தன்னோட ஒரு பூரண எண்ணைக் கூட்டிக்கொண்டு வரும் எண்டு. எங்கட எண்ணை 2-இன் 30ம் வலுவால பெருக்கினா 2305843008139952128, பத்தொன்பது இலக்கம், அது பூரண எண். 1811ல பீட்டர் பார்லோ எண்ட ஆங்கிலேயர் எழுதின எண்கணிதப் புத்தகத்தில இதைப் பத்திச் சொல்றார், இதுதான் இனி எந்தக் காலத்துக்கும் ஆகப் பெரிய பூரண எண், இதுகள் வெறும் வேடிக்கை, பிரயோசனம் ஒண்டுமில்ல, அதால இதுக்கு மேல தேட ஒருத்தனும் மினக்கெட மாட்டான் எண்ட மாதிரி. பாவம் மனிசன். 1876ல லூக்கா எண்ட பிரெஞ்சுக்காரர் 2-இன் 127ம் வலுவில ஒண்டு குறைஞ்ச முதன்மை எண்ணைப் பிடிச்சிட்டார், அது 39 இலக்கம். பிரயோசனமில்லாத விசயத்துக்கு மனிசர் மினக்கெட மாட்டினம் எண்டு நினைச்சதுதான் பார்லோ விட்ட பிழை. எங்கட ஊர்ல வாசிகசாலை வாசல்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் கரம் போர்ட் அடிக்கிறவங்களை அவர் பாத்திருக்கணும்.

பிரயோசனமில்ல எண்டதும் கடைசியிலப் பொய்த்துப் போச்சு. இந்த எண் முதன்மை எண்ணா இருக்கிறதால மட்டும் ஒரு வேலை நடக்குது. கொம்பியூட்டருக்குத் தானா எழுமாற்றா ஒரு எண் சொல்லத் தெரியா, ஏதாவது சூத்திரத்தால ஏமாத்தணும். 1988ல ஸ்டீபன் பார்க், கீத் மில்லர் எண்ட ரெண்டு பேர் ஆகக் குறைஞ்ச தரம் எண்டு ஒரு சூத்திரத்தை முன்வச்சாங்க: கையில உள்ள எண்ணை 16807ஆல பெருக்கு, 2147483647ஆல பிரி, மீதியை எடு, திரும்பச் செய். 1ல தொடங்கினா 16807, அடுத்தது 282475249, அடுத்தது 1622650073. பாக்கத் தலையும் வாலும் இல்லாத மாதிரி இருக்கும். ஆனா இப்பிடியே போனா 1ல இருந்து 2147483646 வரைக்கும் உள்ள ஒவ்வொரு எண்ணையும் ஒருக்கா, ஒரே ஒருக்கா தொட்டுட்டுத்தான் திரும்ப 1க்கு வரும். ஒருத்தரையும் விடாது, ஒருத்தர் வீட்டுக்கும் ரெண்டு தரம் போகாது. கோயில் திருவிழாவுக்கு நெல்லு சேக்க வீடு வீடா வாற ஆக்கள் கூட இவ்வளவு ஒழுங்கில்ல. 16807 எண்டது 7ஐ அஞ்சு தரம் பெருக்கினது. அந்த 7க்கும் இந்த எண்ணுக்கும் அப்பிடி ஒரு பொருத்தம்.

அக்கம்பக்கத்து வீடுகளும் பாக்கக்கூடியது. இந்தப் பக்கம் 2147483648, அது முழுக்க முழுக்க 2, முப்பத்தொரு ரெண்டு. அந்தப் பக்கம் 2147483646, அது 2, 3, 3, 7, 11, 31, 151, 331 எண்டு துண்டு துண்டா உடையும், ஆகப் பெரிய துண்டு 331 தான். ஒரு பக்கத்து வீட்டுல ஒரே ஒரு ஆள்தான் திரும்பத் திரும்ப, மற்றப் பக்கத்து வீட்டுல சின்னப் பிள்ளையள் நிறைய, நடுவில இவர் தனிக்கட்டை.

இன்னொண்டு. 2ல தொடங்குங்க: 2-இன் 2ம் வலுவில ஒண்டு குறைஞ்சா 3. 2-இன் 3ம் வலுவில ஒண்டு குறைஞ்சா 7. மறுகா 127. மறுகா லூக்காட 39 இலக்க எண். எல்லாம் முதன்மை எண். இப்ப 5ல தொடங்குங்க: 31, மறுகா 2147483647. ரெண்டும் முதன்மை எண். இந்தச் சங்கிலி இப்பிடியே போகுமா எண்டு ஆசை வரும். 2-இன் 2147483647ம் வலுவில ஒண்டு குறைஞ்ச எண், அது எழுதினா கிட்டத்தட்ட 64 கோடியே 64 லட்சம் இலக்கம் வரும். அந்த ராட்சத எண் உடையுது. 295257526626031ஆல மீதியில்லாமப் பிரியும். வெறும் பதினஞ்சு இலக்கம், அவ்வளவு பெரிசைக் கவுத்துப் போட்டுது. இதிலயும் அந்த ஃபெர்மாட கட்டுப்பாடு நிக்குதா எண்டு நான் பாத்தன்: 2147483647இட ரெண்டு மடங்கு 4294967294, அதை 68745ஆல பெருக்கி ஒண்டு கூட்டினா டாண் எண்டு அந்த எண் வருது. ராத்திரி ஒரு மணிக்கு இது சரியா வந்த நேரம் எழும்பிக் கை தட்டோணும் போல இருந்துச்சு, எல்லாரும் நித்திரை.

சரி ஏன் என்ட சுவர் ஒரு முதன்மை எண்ணா வந்துச்சு? இதுக்கு ஒரு பெரிய காரணமும் இல்ல, 31 முதன்மை எண்ணா அமைஞ்ச தற்செயல்தான் பாதி. வலு உடையுற எண்ணா இருந்தா அந்த மெர்சென் எண்ணும் கட்டாயம் உடையும், வலு முதன்மை எண்ணா இருந்தா உடைஞ்சாலும் உடையும், உடையாட்டியும் உடையா. கொம்பியூட்டர்த் தட்டுகளை வரிசையா வச்சுப் பாத்தா நல்ல வேடிக்கை. 8 பிட் தட்டுட சுவர் 127, முதன்மை எண். 16 பிட்டுக்கு 32767, அது 7 தர 31 தர 151. 32 பிட்டுக்கு எங்கட எண், முதன்மை எண். 64 பிட்டுக்கு 9223372036854775807, அது 7லயே உடையும், ரெண்டு தரம். 128 பிட்டுக்கு லூக்காட எண், திரும்ப முதன்மை எண். ஒண்டு விட்டு ஒண்டு. இதுக்கு மேல இந்த ஒழுங்கு நிக்காது, 255, 511, 1023 எல்லாம் உடையுற வலு. நல்ல காலம் நான் 16 பிட் தட்டை எடுக்கல்ல, எடுத்திருந்தா ஹாஜியார்ட வருசக் கணக்கு 327 ரூபா 67 சதத்தில முட்டியிருக்கும், இப்ப அதுக்கு ரெண்டு கிலோ சம்பா அரிசி வராது.

இந்தச் சுவர்ல முட்டினது நான் மட்டும் இல்ல எண்டது ஒரு ஆறுதல். 2014 கடைசியில அந்தக் குதிரை ஓடுற மாதிரி ஆடுற கொரியப் பாட்டு, கங்னம் ஸ்டைல், யூடியூப்பில பாத்த எண்ணிக்கையில இந்த எண்ணைத் தாண்டப்போக, அவங்களும் 64 பிட்டுக்கு மாத்தினாங்க. இனி ஒண்டு வரக் கிடக்கு. கன கொம்பியூட்டர்கள் நேரத்தை 1970 தை 1ல (அதாவது ஜனவரி 1ல) இருந்து செக்கன் செக்கனா எண்ணுது, அதிலயும் பழசுகள் 32 பிட் தட்டுலதான் வச்சிருக்கு. 2147483647 செக்கன் எண்டா அறுவத்தெட்டு வருசம். அது முடியுறது 2038 தை 19, செவ்வாய்க்கிழமை, எங்கட நேரம் காலம 8 மணி 44 நிமிசம் 7 செக்கன். பொங்கல் முடிஞ்சு நாலஞ்சு நாள். அடுத்த செக்கன் அந்தப் பெட்டியளுக்கு கிறீன்விச் நேரப்படி 1901 மார்கழி (டிசம்பர்) 13. மகளுக்கு அப்ப 28 வயசு இருக்கும்.

மில்லுக்குப் போனன். ஹாஜியார் மேசையில ரெண்டு கொப்பி விரிச்சு வச்சுக்கொண்டு இருந்தார், பெட்டியை நம்பாம பழைய மாதிரிக் கையால கூட்டியிருக்கார், 2,17,78,500 சரியா வந்திருக்கு. எனக்கு அம்மப்பாட ஞாபகம் வந்துச்சு. களவெட்டியில நெல்லு அளக்கிற நேரம் மரைக்கால் முதல் தரம் நிறைஞ்சா அவர் ஒண்டு எண்டு சொல்ல மாட்டார், "லாபம்" எண்டுதான் சொல்லுவார், அதுக்குப் பிறகுதான் ரெண்டு, மூண்டு. லாபத்தில தொடங்கின எண்ணிக்கை மைனஸ்ல போய் நிக்கும் எண்டு சொன்னா மனிசன் மரைக்காலால எறிஞ்சிருப்பார்.

ஹாஜியாருக்கு விளக்கப்படுத்தினன். தட்டு, சுவிட்ச், மீற்றர் உதாரணம் எல்லாம் சொன்னன். மீற்றர் உதாரணம் அவருக்கு உடன விளங்கிட்டு. "அப்ப பிழ பெட்டியில இல்ல, உன்னில" எண்டார். ஓம் எண்டன். மறுகா பழைய புரோகிராமைத் தேடித் தோண்டி எடுத்து, கூட்டுற இடம் எல்லாத்திலயும் 64 பிட் தட்டை மாத்தினன். மாத்தினது பதினேழு இடம், ஒவ்வொண்டும் ஒரு சொல்லுதான், தேடப் போனது அரைநாள். ஓட்டிப் பாத்தா 2,17,78,500.00 எண்டு ஸ்கிரீன்ல வந்து நிண்டுது.

"இனி எவ்வளவு வரைக்கும் தாங்கும்?"

"தொண்ணூத்திரெண்டாயிரம் கோடிக்கு மேல கணக்கு வந்தாத்தான் ஹாஜியார் பிரச்சின. உங்கட பேரன்ட பேரனுக்கும் காணும்." கணக்குப் போட்டன், 9223372036854775807 சதம் எண்டா ரூபாவில 92,233,720,368,547,758.07. கோடியில 922 கோடி கோடி. அப்ப நான் சொன்னது பிழை எண்டு வீட்டுக்கு வந்துதான் விளங்கிச்சு, அந்தரத்தில லட்சமும் கோடியும் கலந்திட்டுது, குறைச்சுச் சொல்லிட்டன். அவர் கண்டுபிடிக்கல்ல. கண்டுபிடிச்சும் சும்மா இருந்தாரோ தெரியா.

கூலி வேணாம் எண்டன், என்ட பிழைதானே. பத்துக் கிலோ அரிசி ஒரு பேக்கைப் பின்னால கட்டச் சொல்லிப் பொடியனுக்குச் சொன்னார். நான் மோட்டார்சைக்கிளை ஸ்டார்ட் பண்ணப் போக, லாச்சியைத் திறந்து என்னமோ தேடிக் கொண்டு வந்து கையில வச்சார். ஒரு ரூபாக் குத்தி.

"அந்தத் தொண்ணூத்தாறு சதம். மிச்சம் நாலு சதத்த நீ வெச்சிக்க தம்பி."